சஹனில் கை வைக்காத மாமா

போன மாதம் ஒரு கலியாணத்தில் நான் சாப்பிடவில்லை.

நடந்தது அவ்வளவுதான். யாரையும் ஏசவில்லை. எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. சும்மா... சாப்பிடாமல் இருந்தேன். அதற்கே என் தங்கை இரண்டு நாள் அழுதாள். ஒரு சம்பந்தம் முறிகிற அளவுக்குப் போனது.

காரணம், என் வாய்க்குள் இருந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகள்.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். சிலர் கோழி வளர்க்கிறார்கள். சிலர் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குள் புகுந்து அதைக் கொஞ்சம் கலக்கி வைக்கிறார்கள். நான் பல்லுக்குக் கிளிப் போட்டேன். அறுபத்திரண்டு வயதில்.

வழமையாக இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியும். தெரியாதவர்களுக்கு – என் கீழ்ப்பற்கள் கல்முனை பஸ்ஸில் ஏறியவர்கள் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பிரஷ் உள்ளே போகாது. பல் முரசில் இரத்தம். "நேராக்கினாத்தான் சேர் சுத்தப்படுத்தலாம். இல்லாட்டி எல்லாத்தையும் பறிகுடுப்பீங்க" என்றார் கல்முனையில் இருக்கும் பல் டொக்டர். இளம் பெண். என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். ஆனால் உத்தரவு போடும் தொனி மட்டும் மாவட்டச் செயலாளருக்குரியது.

இருபது மாதம் கம்பியோடு வாழ்ந்தேன். கடைசியில் கழற்றினார்கள். ஆஹா... அடுத்த இரண்டு நாளும் நாக்கைப் பல்லில் வழுக்கி வழுக்கி விளையாடினேன். கண்ணாடியைக் கண்ட இடமெல்லாம் நின்று சிரித்தேன். மோட்டார் சைக்கிள் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"இனித்தான் சேர் முக்கியம். பல்லு சும்மா விட்டா பழைய இடத்துக்கே போகும். ரிட்டெய்னர் போடணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"உசிரோட இருக்கிற வரைக்கும்."

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்கு வேலை செய்தவன் நான். அரசாங்கமே அறுபதில் விட்டுவிட்டது. பல் விடாதாம்.

மூன்று வகை இருக்கிறதாம். ஒன்று, முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவது. வெளியே தெரியாது, கழற்ற முடியாது. இரண்டாவது, பல்வரிசை முழுவதையும் மூடும் கண்ணாடி போன்ற உறை. கழற்றலாம், மாட்டலாம். மூன்றாவது, அண்ணத்தில் ஒட்டி நிற்கும் இளஞ்சிவப்புத் தகடு, முன்னால் குறுக்கே ஒரு கம்பி. "ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு மாதத் தவணை கொடுத்தார். அதுவரைக்கும் தற்காலிகமாக, மேலுக்கும் கீழுக்கும் அந்தக் கண்ணாடி உறை. சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். கழற்றினால் டப்பாவுக்குள். டிஷூவில் சுற்றக் கூடாது. போட்டுக்கொண்டு எதையும் கடிக்கக் கூடாது, வெடித்துவிடும். சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, வளைந்துவிடும்.

பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த ஒருவனிடம் 'யோசித்துச் சொல்லுங்கள்' என்றால் அவன் என்ன செய்வான்? நான் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். மேலே மூன்று வகை. பக்கத்தில் பதினொரு வரிசை – சுத்தப்படுத்தும் வசதி, உழைக்கும் காலம், பேச்சில் தடங்கல், உடைந்தால் திருத்த முடியுமா, கிளினிக்குக்கு எத்தனை தரம் போக வேண்டும்... இப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்குப் புள்ளி.

மனைவி மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"இல்ல ராத்தா, அவருக்கு நேரமில்ல. பல்லுக்கு டெண்டர் திறக்கிறாரு."

இந்த நிலையில்தான் சாய்ந்தமருதில் என் தங்கை மகள் நஸ்ரினின் கலியாணம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கக் கலியாணங்களில் சஹன் வைப்போம். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறும் இறைச்சியும் நடுவில் குவிந்திருக்கும். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருக்கும் துண்டு அவரவருக்கு. என் உத்தியோக காலத்தில் நான் பார்த்த காணிகளுக்குள், அளக்காமலே எல்லோரும் எல்லையை மதித்த ஒரே காணி சஹன்தான்.

மாப்பிள்ளையின் சஹனில் பெண்ணின் மாமா இருக்க வேண்டும். அது மரியாதை. அந்த மாமா நான்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எப்போதும் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்கள். அந்த இடைவெளியில் கொல்லைப்பக்கம் போய், பைப்படியில் உறைகளைக் கழற்றி, கழுவி, டப்பாவில் போட்டு, டப்பாவைச் சட்டைப் பையில் போடுவது. ஐந்து நிமிட வேலை.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

இந்த மாவட்டத்தில் இதற்கு முன் இப்படி நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தங்கையின் புருஷன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "மச்சான், ஓடி வாங்க. மாப்பிள்ளட சஹன் காத்துக்கிட்டு இரிக்கி." அடுத்த நிமிடம் நான் பாயில் இருந்தேன். வலப்பக்கம் மாப்பிள்ளை. எதிரே மாப்பிள்ளையின் வாப்பா – சம்மாந்துறைப் போடியார், நிறைய வயல் செய்பவர், குரலும் வயலுக்கு ஏற்றபடி. யாரோ கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். ஐந்து கைகள் சோற்றில் இறங்கின.

வாய்க்குள் இரண்டு உறையும் அப்படியே.

கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அறுபது தாண்டிய ஒருவன் சபையில் வாயிலிருந்து எதை எடுத்தாலும் ஊர் அதற்கு ஒரே ஒரு பெயர்தான் வைத்திருக்கிறது. கட்டுப்பல். இருபது மாதம் கம்பியில் இழுபட்டு, முறுக்குத் தின்னாமல், கடலை தின்னாமல் காப்பாற்றிய என் சொந்தப் பற்கள் இருபத்தெட்டையும் ஒரே மத்தியானத்தில் கட்டுப்பல் ஆக்கிவிடுவார்கள். அஸர் தொழுகைக்கு முன் செய்தி மருதமுனையில் என் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆகவே, சாப்பிடுவது போல இருந்தேன். சோற்றைப் பிசைந்தேன். இரண்டு முந்திரிகை வத்தலை மாத்திரை போல விழுங்கினேன். கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக மாப்பிள்ளையின் பக்கம் தள்ளினேன். பேசினால் உறை மினுங்கும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"என்ன சேர், கை ஓடுதில்ல?" என்றார் போடியார்.

"ம். நீங்க சாப்பிடுங்க."

"மாமா, நீங்களும் எடுங்க" என்றது மாப்பிள்ளை. பெயர் இர்ஷாத். நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அடக்கமான பிள்ளை, அதனால் 'அவர்' வராமல் 'அது' என்றே வாயில் வருகிறது.

"ம்."

எழும்பும்போது பார்த்தேன். சஹனில் ஐந்து துண்டு வெட்டி முடிந்து தரை தெரிந்தது. என் துண்டு மட்டும் கதிரோடு நின்றது. போடியாரும் அதைப் பார்த்தார். வயல்காரர் அல்லவா, அவருடைய கண்ணுக்குத் தப்புமா?

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையின் டெலிபோன். தொடங்கும்போதே அழுகை. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

"காக்கா, ஒங்களுக்கு விருப்பமில்லண்டா அப்பவே சொல்லியிரிக்கலாமே."

"என்னத்துக்கு விருப்பமில்ல?"

"இந்தக் கலியாணத்துக்குத்தான். மாப்பிள்ளட வாப்பா கேக்காரு. பொண்ணுட மாமா சஹன்ல கை வைக்கல்லயாம். மூஞ்சயத் தூக்கி வெச்சிக்கிட்டு ஒரு சொல்லுக் கதைக்கல்லயாம். ஏன்ட மகன்ல என்ன குறையக் கண்டாரு எண்டு கேக்காரு."

"குறையெல்லாம் ஒண்டுமில்ல புள்ள."

"அப்ப அண்டைக்கு அந்தக் கடிதத்த ஏன் கேட்ட நீங்க?"

அது உண்மைதான். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் நியமனக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டிருந்தேன். உண்மைப் பிரதியென உறுதிப்படுத்திய பிரதி. அது என் பழக்கம். பழக்கத்தை அலுவலகச் சாவியோடு கொடுத்துவிட்டா வருகிறோம்? ஆனால் அந்தக் கடிதத்தையும் தொடாத சோற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... நானே விசாரணை அதிகாரியாக இருந்தாலும் எனக்கெதிராகத்தான் தீர்ப்பெழுதியிருப்பேன்.

"மாப்பிள்ளைக்கு ஒங்கட வீட்டு விருந்துக்கும் வர ஏலாதாம், காக்கா. வாப்பா போக வேணாமெண்டுட்டாராம்."

கலியாணம் முடிந்தால் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார்கள். முதல் விருந்து மாமா வீட்டில். அதற்கு வரமாட்டோம் என்பது சும்மா பேச்சல்ல. எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது. அந்தப் பிள்ளை இர்ஷாத் இப்போது தங்கை வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறதாம். நஸ்ரின் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். கலியாணமாகி இரண்டு நாள்.

நான் உடனே மேசையில் இருந்து விளக்கக் கடிதம் ஒன்று வரைந்தேன். மூன்று பந்தி. பல் டொக்டரின் சீட்டு இணைப்பு ஒன்று. மனைவி எடுத்து வாசித்தாள்.

"'மேற்படி தினம் நான் உணவு உட்கொள்ளாமை தொடர்பாக'... இத வாசிச்சா அவங்க மாப்பிள்ளயத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"அப்ப வட்ஸ்அப்புல ஒரு போட்டோ எடுத்து அனுப்பவா?"

"ஒங்கட வாயயா? ஊரெல்லாம் போகும். இஞ்சாருங்க, வாயால வந்த வினைய வாயக் கொண்டு போய்த்தான் தீர்க்கணும். போய்க் கழட்டிக் காட்டுங்க."

"அவங்களுக்கு முன்னாலயா?"

"கட்டுப்பல்லெண்டு சொன்னாச் சொல்லட்டும். அந்தப் புள்ளட வாழ்க்கைய விட ஒங்கட பல்லுப் பெரிசா?"

விளக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். போடியாரையும் அழைத்திருந்தாள். வந்திருந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்னார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தங்கை மறுபடியும் சஹன் வைத்தாள். ஆறு பேர் இருக்க வேண்டிய தட்டில் நாங்கள் நான்கு பேர் – நான், தங்கையின் புருஷனான மச்சான், இர்ஷாத், போடியார். மிச்ச இரண்டு பேருக்குமான இடத்தைக் கோபம் பிடித்துக்கொண்டிருந்தது.

கை கழுவியானது. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

நான் அந்தக் கையை வாய்க்குள் விட்டேன்.

கீழ் உறை லேசாக வந்தது. மேல் உறை வரவில்லை. பதற்றத்தில் அது எப்போதும் அப்படித்தான். கடைவாயில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். 'டக்' என்ற சத்தத்தோடு கழன்றது. மச்சான் திடுக்கிட்டு அரை அடி பின்னால் போனார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

போடியார் எட்டிப் பார்த்தார்.

"கட்டுப்பல்லா சேர்?" போடியாரின் குரல் முதல் தடவையாக இளகியிருந்தது.

"இல்ல. ஏன்ட பல்லெல்லாம் உள்ளுக்குத்தான் இரிக்கி. பாருங்க."

வாயைத் திறந்தேன். அவர் மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல நாடியைப் பிடித்துத் தூக்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வாயை.

"எல்லாம் இரிக்கி. அப்ப இது என்ன?"

"பல்லு பழைய இடத்துக்குக் கிறுகிப் போகாம இரிக்கப் போடுற உறை. இதப் போட்டுக்கிட்டுச் சாப்பிட ஏலாது. அண்டைக்கு ஒங்களுக்கு முன்னால கழட்ட வெக்கமாப் போயிட்டு. அதுதான் சாப்பிடல்ல. வேற ஒண்டுமில்ல."

போடியார் உறையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"பல்லே இல்லாத கட்டுப்பல்ல நான் இண்டைக்குத்தான் காணுறன். இத நம்பச் சொல்றீங்க?"

அப்போதுதான் இர்ஷாத் சிரித்தது. அதுவரை அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை.

"வாப்பா, அவரு சொல்றது சரி. எனக்கும் இரிக்கி."

"ஒனக்கு என்ன இரிக்கி?"

"ரிட்டெய்னர்."

"கிளிப்பக் கழட்டி எட்டு வருஷமாச்சேடா."

"கிளிப்பக் கழட்டினாங்க. மறுகா உள்ளுக்கு ஒரு கம்பி ஒட்டினாங்க. நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல." இர்ஷாத் வாயைத் திறந்து, நாக்கால் கீழ்ப்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டியது. போடியார் குனிந்தார். மச்சான் குனிந்தார். நானும் குனிந்தேன் – எனக்கு அது தொழில்நுட்ப மதிப்பீடு. மெல்லிய முறுக்குக் கம்பி, ஆறு பல்லிலும் ஒட்டி, சுத்தமாக இருந்தது.

"பல்லும் தண்ணி மாதிரித்தான் வாப்பா. கட்டு இல்லாட்டிப் பழைய வாய்க்காலுக்கே ஓடும்" என்றது இர்ஷாத். போடியாருக்கு இது உடனே விளங்கிவிட்டது. நான் இத்தனை நாள் அட்டவணை போட்டு விளங்கியதைவிட நன்றாக.

அடுக்களை வாசல் திரைக்குப் பின்னால் இருந்து தங்கையின் குரல் வந்தது. மெல்லிய குரல்.

"அப்ப... அந்த நூலு?"

எல்லோரும் திரும்பினோம்.

"என்ன நூல் மாமி?" என்றது இர்ஷாத்.

விஷயம் இதுதான். கலியாணம் முடிந்த அடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளை குளியலறைக்குள் கண்ணாடிக்கு முன் அரை மணித்தியாலம் நிற்கிறதாம். வெளியே வந்தால் குப்பை வாளியில் வெள்ளை நூல். மெழுகு பூசிய நூல். ஒவ்வொரு நாளும். தங்கை பயந்துபோய்விட்டாள். ஓதிக் கட்டிய நூலாக இருக்குமோ, மகளுக்கு யாரும் ஏதும் செய்துவிட்டார்களோ என்று ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து ஓதிப் பார்க்கும் லெப்பையிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

"அவரு என்ன சொன்ன?" என்றார் மச்சான். பாவம், அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

"மணந்து பார்த்தாரு. புதினா வாசமடிக்கி எண்டாரு."

இர்ஷாத் தலையில் கை வைத்துக்கொண்டது. "மாமி, அது பல்லுக்குள்ள விடுற நூல். கம்பிக்குக் கீழால விட்டுச் சுத்தப்படுத்தணும். இல்லாட்டி இறைச்சி சிக்கிக் கிடக்கும்."

அறைக்குள் இருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. நஸ்ரின். நான்கு நாளாக அறையை விட்டு வராத பிள்ளை, கதவைத் திறந்து வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தது. போடியார் சிரித்த சிரிப்பில் சஹனின் மூடி அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பக்கம் இருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார்.

"வெட்டுங்க சேர். ஒங்கட துண்டு ரெண்டு போகமா வெட்டாமக் கிடக்கு."

வெட்டினேன். மூன்று தரம் சோறு போட்டேன். என் உறைகள் இரண்டும் டப்பாவுக்குள், எல்லோருக்கும் தெரியும்படி, ஊறுகாய்க்குப் பக்கத்தில்.

அடுத்த செவ்வாய் இர்ஷாத்தான் என்னை மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு ஏற்றிப் போனது. டொக்டர் என் அட்டவணையை மரியாதையோடு பார்த்தார். பிறகு, "எது வேணும் சேர்?" என்றார்.

"ஒரே ஒரு கேள்வி டொக்டர். கம்பிய ஒட்டினா சஹன்ல இருந்து சாப்பிடலாமா?"

"தாராளமாச் சாப்பிடலாம். முன்பல்லால எலும்பு கடிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் நூல் விடணும். ஒட்டு விட்டா உடனே வரணும். படுக்கக்குள்ள மட்டும் அந்த உறையப் போடுங்க."

"ஒட்டுங்க."

அட்டவணையில் பதினொரு வரிசை போட்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் படிவங்கள் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன் – நமக்கு உண்மையில் எது தேவையோ, அதற்குப் படிவத்தில் ஒருபோதும் இடம் இருப்பதில்லை. நான் தயாரித்த படிவங்களிலும் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று எதையோ சொல்ல வாயெடுத்து, 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க' என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் விருந்து. எல்லோரும் வந்தார்கள். போடியாரும் வந்தார், சொன்ன நேரத்துக்கு. மாட்டிறைச்சி, கணவாய், வட்டிலப்பம். ஒன்றையும் விடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் இர்ஷாத் என்னைக் கண்ணால் கூப்பிட்டது. இருவரும் கை கழுவும் இடத்துக் கண்ணாடிக்கு முன் போய் நின்றோம். பிளாஸ்டிக் ஊசியில் நூலைக் கோர்த்து, கம்பிக்குக் கீழால் விட்டு, இழுத்து... "அப்பிடியில்ல மாமா, பக்கவாட்டுல. இன்னும் வாயத் திறங்க." இருவரும் வாயைப் பிளந்துகொண்டு, தோளோடு தோள் இடிபட, கையில் நூலோடு நின்றோம்.

பின்னால் மனைவி வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்து என் தங்கையைக் கூப்பிட்டாள்.

"மச்சி, ஓடி வாங்க. வந்து பாருங்க, இந்தக் கலியாணத்துல விருப்பமில்லாத மாமாவ."

"ம்" என்றேன். வாய்க்குள் நூல் இருந்தது.